களத்தில் தோற்றுக்கொண்டே இருந்த ஹுசார் தளபதியை ஏன் போர் அமைச்சராக வைத்திருந்தார்கள்?

கரிசல்மண் கேட்டது:

வணக்கம். 1848இல் ஐரோப்பாவில் நடந்த புரட்சிகளைப் பற்றி மூன்று மாதமாக விட்டு விட்டுப் படித்து வருகிறேன். ஹங்கேரிக்கு வந்ததும் ஓர் ஆளிடம் மாட்டிக்கொண்டேன்.

பாத்யானி தலைமையில் அமைந்த முதல் அமைச்சரவையில் மொத்தம் ஒன்பது பேர். கோஷூத் நிதி, சேச்செனி போக்குவரத்து, தேயாக் நீதி, எத்வெஷ் கல்வி. இவர்களை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம், அந்த நாட்டில் அன்றைக்கு இருந்த பெரிய தலைகள். போர்த் துறைக்கு மட்டும் லாசார் மேசாரோஷ் என்று 52 வயது ஹுசார் (இலகுரகக் குதிரைப்படை) கர்னல். பெயரை அறிவித்த மார்ச் மாதத்தில் ஆள் ஊரிலேயே இல்லை. இத்தாலியில், ராடெட்ஸ்கியின் படையில் இருக்கிறார். அதாவது ஆஸ்திரியப் பேரரசருக்காக வேறொரு புரட்சியை அடக்கப் போன படையில்! பெஸ்ட் நகரத்துக்கு வந்து சேரவே மே கடைசி ஆகிவிட்டது.

வந்தவர் அமைச்சராக இருந்துகொண்டே களத்திலும் இறங்கினார். 1848 செப்டம்பரில் சென்ட்டமாஷ் முற்றுகை, பலிக்கவில்லை. 1849 ஜனவரி 4, காஷ்ஷா, தோல்வி. ஜூலையில் தலைமைத் தளபதி ஆக்கினார்கள், அதுவும் சில வாரம்தான். இத்தனைக்கும் அவரை யாரும் துரத்தவில்லை. ஓர் ஆண்டு போர் அமைச்சராக நீடித்திருக்கிறார்.

இந்த மனிதரிடம் அப்படி என்ன இருந்தது? வேறு ஆள் கிடைக்கவில்லையா, இல்லை எனக்குத்தான் ஏதோ பிடிபடவில்லையா?

வடக்குவீதி எழுதியது:

குதிரைப்படை, அமைச்சர் என்றதும் எனக்கு கேசா ஃபெயேர்வாரிதான் ஞாபகம் வந்தார். சோல்ஃபெரினோ போரில் பெரிய பதக்கம் வாங்கியவர். பல வருடம் அமைச்சர், கடைசியில் பிரதமரும் ஆனார். அவரா இவர்?

கோப்புக்காரர் எழுதியது:

வடக்குவீதி, அவர் வேறு. ஃபெயேர்வாரி காலாட்படைப் பக்கத்து ஆள். 1884லிருந்து 1903 வரை பாதுகாப்பு அமைச்சர், 1905இல் பிரதமர். மேசாரோஷ் அதற்கு இரண்டு தலைமுறை முந்தியவர்.

கரிசல்மண் தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரே வார்த்தைதான்: கையெழுத்து. அதை விளக்கத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 31 வருடம் பட்டாளத்து ஆபீஸ் ஒன்றில் எழுத்தராகக் குப்பை கொட்டியவன். துப்பாக்கியைத் தொட்டதில்லை, கோப்பைத்தான் தொட்டிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் லாரி நிறையக் கம்பளி வந்து வாசலில் நிற்கிறது. பெற்றுக்கொள்ள வேண்டிய அதிகாரி விடுப்பில் போய்விட்டார், பொறுப்பை யாருக்குக் கொடுத்தார் என்று எழுத்தில் இல்லை. இரண்டு நாள் லாரி நனைந்தது. கம்பளிக்கு உரியவர்கள் பக்கத்துக் கூடாரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மேசாரோஷைப் பார்ப்பதே அந்த லாரி வழியாகத்தான்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1796இல் டான்யூப் கரையில் உள்ள பாயா என்ற ஊரில் பிறந்தார். சின்ன நிலக்கிழார் குடும்பம், சிறு வயதிலேயே பெற்றோர் போய்விட்டார்கள். சட்டம் படிக்கப் போனவர், 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போர் வந்ததும் படையில் சேர்ந்துவிட்டார். அப்புறம் வாழ்க்கை முழுக்க ஹுசார் படைதான். ஹுசார் என்றால் ஹங்கேரியில் உருவான இலகுரகக் குதிரைப்படை. கனமான கவசம் கிடையாது. வளைந்த வாள், முறுக்கிய மீசை, சரிகைக் கயிறு வைத்துத் தைத்த சட்டை. மற்ற நாட்டுப் படைகள் எல்லாம் இவர்களைப் பார்த்துத்தான் ஹுசார் பிரிவுகளை உண்டாக்கின.

அமைதிக் காலத்தில் பதவி உயர்வு ஆமை வேகம். எங்கள் ஆபீஸ் பரவாயில்லை. 1837இல்தான் மேஜர், அதுவும் 5ஆம் ஹுசார் படைப்பிரிவில். அந்தப் பிரிவுக்கு ராடெட்ஸ்கியின் பெயர்தான். பிறகு அதிலேயே கர்னல். நடுவில் சும்மா சீட்டாடிப் பொழுது போக்கவில்லை. மொழிகள் கற்றார், ராணுவ நூல்களை ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவந்தார், 1844இல் அறிவியல் அகாடமியில் உறுப்பினராக எடுத்தார்கள். அந்த அகாடமிக்கு விதை போட்ட சேச்செனியும் ஒரு காலத்தில் குதிரைப்படைக் கேப்டன்தான். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு. ஆக, பாத்யானி கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைப் பிடித்துவிடவில்லை. பழைய படையில் பெயர் உள்ளவர், ஹங்கேரிய மொழியில் எழுதுகிறவர், சீர்திருத்தக்காரர்களுக்கு வேண்டியவர். இந்த மூன்றும் சேர்ந்த உயர் அதிகாரி அன்றைக்கு அபூர்வம்.

இனி கையெழுத்துக்கு வருகிறேன். 1848 ஏப்ரல் 11இல் அரசர் ஐந்தாம் ஃபெர்டினாண்ட் ஒப்புதல் கொடுத்த சட்டங்கள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதன்படி ஹங்கேரிக்குத் தனி அமைச்சரவை. அரசரின் உத்தரவு எதுவானாலும் ஓர் அமைச்சர் கூடவே கையெழுத்திட்டால்தான் செல்லும். இதே ஃபெர்டினாண்ட்தான் ஆஸ்திரியப் பேரரசர். ஒரே மனிதர், இரண்டு கிரீடம். அவர் படையில் இருந்த ஒரு ஹங்கேரிய அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறீர்கள். கோடையில் அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்றும் சத்தியம் வாங்குகிறார்கள். வியன்னாவிலிருந்து ஒரு தாள் வருகிறது, பெஸ்ட்டிலிருந்து ஒரு தாள் வருகிறது. எதற்குக் கீழ்ப்படிவீர்கள்?

தெற்கே பாச்கா பகுதியில் அந்தக் கோடையில் நடந்த கூத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. செர்பியக் கிளர்ச்சியாளர்கள் பக்கம் எல்லைக் காவல் படையினர், அவர்களும் பேரரசர் கொடியைத்தான் பிடித்திருக்கிறார்கள். எதிரில் ஹங்கேரியப் படை, அவர்களும் அதே அரசருக்குச் சத்தியம் செய்தவர்கள். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் பெஹ்டோல்ட் என்ற தளபதி சென்ட்டமாஷைத் தாக்கிப் பார்த்தார், நடக்கவில்லை. செப்டம்பர் 21இல் அமைச்சரே நேரில் தாக்கினார், அவருக்கும் நடக்கவில்லை. பாயாவும் சென்ட்டமாஷும் அப்போது ஒரே மாவட்டம். சொந்த மாவட்டத்திலேயே தோற்றார் பாவம். அந்த ஊர் கடைசியில் பெர்ட்செல் என்ற ஹங்கேரியத் தளபதி கையில் விழுந்தது 1849 ஏப்ரலில்தான்.

இந்த இரட்டைக் குழப்பத்துக்கு இன்னொரு உதாரணம். மேசாரோஷ் இத்தாலியிலிருந்து வந்து சேரும்வரை அந்த நாற்காலியைப் பார்த்துக்கொள்ள ஃபெரென்ட்ஸ் ஒட்டிங்கர் என்ற தளபதியைக் கொஞ்ச நாள் போட்டிருந்தார்கள். அவரும் குதிரைப்படைக்காரர். அவர் என்ன ஆனார் தெரியுமா? ஹங்கேரிக்கு எதிராகப் பேரரசர் பக்கம் நின்ற குரோவாசியத் தளபதி யெலாசிச் பக்கம் போய்விட்டார். டிசம்பர் 30இல் மோர் என்ற இடத்தில் பெர்ட்செலின் ஹங்கேரியப் படையைச் சிதறடித்தது ஒட்டிங்கரின் குதிரைப்படைதான். ஒரே நாற்காலியில் முன்னும் பின்னும் உட்கார்ந்தவர்கள்!

செப்டம்பரில் யெலாசிச் எல்லையில் இருந்த ட்ராவா ஆற்றைத் தாண்டி ஹங்கேரிக்குள் படையோடு வந்தார். அக்டோபர் தொடக்கத்தில் பாத்யானி விலகினார். அரசரின் ஆணை நாடாளுமன்றத்தையே கலைக்கிறது. அதிகாரம் கோஷூத் தலைமையில் இருந்த நாட்டுப் பாதுகாப்புக் குழுவிடம் போகிறது. மற்ற அமைச்சர்களில் பலர் ஒதுங்கிவிட்டார்கள். சேச்செனி மனம் உடைந்து மனநல விடுதியில். இப்போது ஒரு கேப்டனோ மேஜரோ, ‘நான் கலகக்காரர்களிடம் உத்தரவு வாங்குகிறேனா?’ என்று யோசிக்க ஆரம்பித்தால் படை ஒரு வாரத்தில் கரைந்துவிடும். அப்படிக் கரையாமல் இருந்ததற்கு ஒரு காரணம், உத்தரவின் அடியில் இருந்த பெயர். அரசரே நியமித்த போர் அமைச்சர், தங்களைப் போலவே 35 வருடம் அந்தப் படையில் சோறு தின்ற ஒரு கிழட்டு ஹுசார். கோஷூத் வக்கீல், பத்திரிகைக்காரர். அவர் பேச்சைக் கேட்டு விவசாயிப் பையன்கள் படையில் சேருவார்கள். பழைய அதிகாரி அதில் மயங்க மாட்டான். தாளைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்ப்பான்.

இது என் சொந்தக் கற்பனை என்று நினைக்காதீர்கள். 1849 ஜனவரி 5, வாட்ஸ் நகரத்தில் ஹங்கேரியத் தளபதி கெர்கெய் தன் படைக்கு வெளியிட்ட அறிக்கை இருக்கிறதே, அதைத் தேடிப் படியுங்கள். அன்றைக்குத்தான் ஆஸ்திரியர்கள் தலைநகருக்குள் நுழைந்தார்கள், அரசாங்கம் தெப்ரெசெனுக்கு ஓடியிருந்தது. கெர்கெய் சொன்னதன் சாரம்: ஐந்தாம் ஃபெர்டினாண்ட் ஒப்புதல் கொடுத்த அரசியல் சட்டத்துக்காகத்தான் போராடுகிறோம், பொறுப்புள்ள போர் அமைச்சரோ அவர் நியமித்த பிரதிநிதியோ முறைப்படி கொடுக்கும் உத்தரவுக்கு மட்டுமே கீழ்ப்படிவோம். அந்தப் பிரதிநிதி வெட்டர் என்ற தளபதி. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால் ‘ஃபார்’ போட்டுக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர். அமைச்சர் அப்போது எங்கே? முந்தின நாள்தான் காஷ்ஷாவில் ஆஸ்திரியத் தளபதி ஷ்லிக்கிடம் தோற்று, பனியில் பின்வாங்கிக்கொண்டிருந்தார். களத்தில் அவர் தோற்ற மறுநாளே அவர் பதவியின் பெயரைச் சொல்லி ஒரு படை கலையாமல் நின்றிருக்கிறது. என் கம்பளி லாரி விஷயம் தலைகீழாக நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மேதை என்று சொல்ல வரவில்லை. ஹொன்வேத் என்ற புதுப் படையின் முதல் பத்துப் பட்டாலியன்களை மே மாதத்தில் தொடங்கி வைத்தது பாத்யானி. ஜூலை 11இல் நாடாளுமன்றத்தில் நின்று 2 லட்சம் வீரர், 4 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் கேட்டு வாங்கியது கோஷூத். ஆகஸ்ட்டில் மேசாரோஷ் கொண்டுவந்த ஆள்சேர்ப்பு மசோதாவைச் சபையில் கிழித்துத் தொங்கவிட்டார்கள், புது ஆட்களை ஜெர்மன் கட்டளை மொழி உள்ள பழைய பிரிவுகளில் சேர்க்கலாமா என்று. ஆனால் 12 ஆக இருந்த ஹுசார் பிரிவுகள் 18 ஆனதும், 1849 கோடையில் படை சுமார் 1,70,000 பேராக வளர்ந்ததும் ஒரு போர் அமைச்சகம் இல்லாமல் நடக்கிற காரியமா? துணி, பூட்ஸ், லாடம், சம்பளப் பட்டுவாடா, பதவி உயர்வுப் பட்டியல், எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும்.

குதிரைவால் எழுதியது:

அருமை சார். ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. கையெழுத்துக்காகத்தான் அவர் என்றால் பேசாமல் மேசையில் உட்கார வைத்திருக்கலாமே? தோற்கிறார் என்று தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்பப் படையைக் கையில் கொடுத்தார்கள்? 1849 ஜூலையில் தலைமைத் தளபதி பதவி வேறு. அதற்கு உங்கள் லாரி கதை பதில் சொல்லாதே.

கோப்புக்காரர் எழுதியது:

நியாயமான கேள்வி. காஷ்ஷாவுக்குப் பதில் சுலபம்: ஆள் இல்லை. டிசம்பர் 11இல் அதே ஷ்லிக்கிடம் புடமேர் அருகில் ஒரு படை உதை வாங்கிச் சிதறியிருந்தது. இருந்ததெல்லாம் துப்பாக்கி பிடித்துப் பழகாத புது ஆட்கள். மூத்த தளபதிகள் பாதிப் பேர் எதிர்ப் பக்கம், மீதிப் பேர் மதில்மேல் பூனை. அமைச்சரே போனால் பையன்கள் நிற்பார்கள் என்று போனார். நிற்கவில்லை. தோற்றதும் என்ன செய்தார் பாருங்கள், எனக்கு ஆகவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவரே கேட்டுவிட்டார். வந்தவர் க்ளாப்கா, 28 வயது. கிழவர் அந்தச் சின்னப் பையனிடம் படையைக் கொடுத்துவிட்டு தெப்ரெசெனுக்கு, தன் கோப்புகளுக்குத் திரும்பினார். இதற்கும் ஒரு மனசு வேண்டும். என் 31 வருடத்தில் நாற்காலியைத் தானாக விட்டவர் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை விரலே அதிகம்.

ஏப்ரல் 14இல் ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்கு இனி உரிமை இல்லை என்று தெப்ரெசெனில் அறிவித்தார்கள். அத்தோடு ‘அரசர் நியமித்த அமைச்சர்’ என்ற அடிப்படையும் போயிற்று. அவர் விலகினார். மே மாதம் அமைந்த செமெரே அமைச்சரவையில் போர்த் துறை கெர்கெய்க்கு. மேசாரோஷ் ஓடிப்போய் வியன்னாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராக அங்கேயேதான் இருந்தார்.

ஜூலை விவகாரத்துக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. அது தப்பு, அவ்வளவுதான். கெர்கெய் படையைத் தெற்கே செகெட் பக்கம் கொண்டுவர மறுக்கிறார் என்று கோஷூத்துக்குக் கோபம். அவரை இறக்கிவிட்டு, இரு தரப்பும் மதிக்கும் கிழவரைத் தலைமைத் தளபதி என்று போட்டு, யோசனை சொல்லப் போலந்துக்காரர் டெம்பின்ஸ்கியைப் பக்கத்தில் வைத்தார். இங்கேயும் பார்த்தால் கோஷூத் தேடியது ஒரு கையெழுத்தைத்தான். மேசாரோஷ் நீராவிப் படகில் கெர்கெய் படை இருந்த கொமாரோம் கோட்டைக்குக் கிளம்புகிறார். ஜூலை 2. வழியிலேயே பீரங்கிச் சத்தம் கேட்கிறது. எதிரி கையில் மாட்டிக்கொள்வோம் என்று படகைத் திருப்பிவிட்டார்கள். அதே நாள் அங்கே கெர்கெய் ஹுசார்களுக்கு முன்னால் பாய்ந்து போய்த் தலையில் வெட்டுப்பட்டு விழுந்தார். கெர்கெயைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி அந்தப் படைக்குப் போனபோது அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஜனவரியில் செல்லுபடியான பெயர் ஜூலையில் செல்லவில்லை. ஆகஸ்ட் 9, தெமெஷ்வாரில் கடைசிப் பெரிய தோல்வி. அதிலும் மேசாரோஷ் டெம்பின்ஸ்கி பக்கத்தில் குதிரை மேல் இருந்தார்.

தாமரைக்குளம் எழுதியது:

கோப்புக்காரர் ஐயா, பெட்டோஃபியின் கழுத்துத்துணிக் கதையை விட்டுவிட்டீர்களே!

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டோஃபி அந்த நாட்டின் பெரிய கவிஞர், 1849இல் படையில் கேப்டன். கழுத்தை இறுக்கும் சமாச்சாரம் அவருக்கு ஆகாது, சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டுதான் அலைவார். பிப்ரவரியில் தெப்ரெசெனில் அமைச்சரைப் பார்க்கவும் அப்படியே போய் நின்றார். மேசாரோஷ் விதிமுறைப்படி கழுத்துத்துணி கட்டச் சொல்லிக் கண்டித்தார். கவிஞர் பதவியையே தூக்கிப் போட்டுவிட்டு, நாட்டைக் காப்பாற்றுவது வீரமா கழுத்துத்துணியா என்கிற தொனியில் ஒரு நையாண்டிக் கவிதை எழுதிவிட்டார். நான் கல்லூரியில் முதன்முதலில் மேசாரோஷ் பெயரைக் கேட்டதே அந்தக் கவிதையின் அடிக்குறிப்பில்தான். அப்போது எனக்குக் கவிஞர் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. இப்போது வீட்டில் பதின்ம வயதுப் பையன் இருக்கிறான், அமைச்சர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன்.

இன்னொன்று, மேசாரோஷ் என்றால் அவர்கள் மொழியில் கசாப்புக்காரர் என்று அர்த்தம். ஒரு தளபதிக்கு இந்தப் பெயர் அமைந்தும் ஆள் என்னவோ பரம சாது.

கடைசிக் காலத்தை நீங்களே சொல்லுங்கள் ஐயா.

கோப்புக்காரர் எழுதியது:

தாமரைக்குளம் அம்மா, அதை வேண்டுமென்றேதான் விட்டேன். எழுத்தர் ஜாதிக்கே அவமானமான கதை! அன்றைக்கு அவர் மேசையில் எத்தனை பிரச்சினை இருந்திருக்கும், இவர் கழுத்தையா பார்ப்பது?

கடைசிக் காலம் கஷ்டகாலம். ஆகஸ்ட் நடுவில் ஓர்ஷோவா வழியாகத் துருக்கிய எல்லைக்குள் போனார். விடின், ஷும்லா, பிறகு அனடோலியாவில் கூதாயா, கோஷூத்தோடு காவலில். 1851இல் விடுபட்டு இங்கிலாந்து, பிரான்ஸ். பாரிஸில் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்ததும் அங்கும் இருக்க முடியவில்லை. ஜெர்சி தீவு. 1853இல் அமெரிக்கா. 57 வயதில், முன்னாள் போர் அமைச்சர், நியூயார்க்குக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்திப் பிழைக்கப் பார்த்தார். அந்தக் காலத்துக் கடிதங்களில் தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார். பிறர் மேல் பழி போட்டுத் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் நினைவுக்குறிப்புகள் அந்தப் போரைப் பற்றி எத்தனையோ உண்டு. இவரிடம் அந்த வாடை குறைவு. 1858இல் ஐரோப்பா திரும்பியவர், நவம்பர் 16இல் இங்கிலாந்தில் ஹெர்ஃபர்ட்ஷயரில், தெரிந்தவர்களின் ஐவுட் மாளிகையில் விருந்தாளியாக இருந்தபோது இறந்தார். பக்கத்து டிட்லி கிராமத்துத் தேவாலய மண்ணில் புதைத்தார்கள்.

நடுவில் ஒன்று. 1851 செப்டம்பர் 22இல் பெஸ்ட்டில் ஆஸ்திரியர்கள் 36 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. பெயர்களைப் பலகையில் எழுதித் தூக்குமரத்தில் அறைந்தார்கள். கோஷூத் பெயர், மேசாரோஷ் பெயர், ஆன்ட்ராஷி பெயர். அந்த ஆன்ட்ராஷியைத்தான் 1867இல், இந்தத் தூக்கு நடந்தபோது ஆண்ட அதே பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் (ஃபெர்டினாண்டுக்குப் பின் வந்தவர்) ஹங்கேரியின் பிரதமராக நியமித்தார். மேசாரோஷ் அதற்கு ஒன்பது வருடம் முன்பே போய்விட்டார்.

கரிசல்மண் எழுதியது:

ஐயா, நன்றி. வாட்ஸ் அறிக்கையைத் தேடிப் படித்தேன். போர் அமைச்சர் என்று வருகிற வரியை முன்பு ஒரு தடவை படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன், அப்போது கண்ணில் படவே இல்லை.

டிட்லியில் கல்லறை இப்போதும் இருக்கிறதா? தம்பி ஒருத்தன் பர்மிங்காமில் இருக்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

கோப்புக்காரர் எழுதியது:

ஆள் அங்கே இல்லை தம்பி. 1991 மார்ச் 15, அவர்களுடைய புரட்சி நாள், அன்றைக்குப் பாயாவில் கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டார்கள். 133 வருடம் கழித்து. சோவியத் படை அந்த நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், கடைசி ஆள் போனது ஜூன் மாதம். உங்கள் தம்பி டிட்லிக்குப் போனால் கிராமத்தைப் பார்த்துவிட்டு வரலாம். கிழவரைப் பார்க்க வேண்டுமானால் பெஸ்ட்டிலிருந்து தெற்கே பாயாவுக்குத்தான் போக வேண்டும்.